லாஸ் ஏஞ்சலிஸில் ஊர்க்காரர் காரை வாடகைக்கு எடுக்கலாமா?

விடுமுறை நெருங்கினால் லாஸ் ஏஞ்சலிஸ் கேள்விகள் வரிசைகட்டி வரும். நகரம் மட்டுமே ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர். சான்டா மோனிகா, பசடேனா, பர்பேங்க், அனஹைம் எல்லாம் கணக்குக்குத் தனித்தனி ஊர்கள். ஆனால் சுற்றிப் பார்க்க வருபவரின் பட்டியலில் எல்லாமே இருக்கும். கார் இல்லாமல் முடியாது என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. டியூரோ போன்ற செயலிகளில் உள்ளூர்க்காரர்களின் சொந்தக் காரை எடுப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வாடகைக் கார் நிறுவனத்தில் எடுப்பதைவிடச் செயலியில் நாள் வாடகை பாதிதான் காட்டுகிறது. எடுத்துவிடலாமா?

பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் கண்ணில் படுவது வெறும் நாள் வாடகை. அதன்மேல் செயலியின் கட்டணம், பாதுகாப்புத் திட்டம் (செயலி விற்கும் காப்பீடு மாதிரி), விமான நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கும் கூலி, ஓட்டுபவர் 25 வயதுக்குக் கீழே என்றால் அதற்கொரு கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். மைல் வரம்பையும் பாருங்கள். லாஸ் வேகஸ் போய்வந்தாலே 540 மைல் ஆகிவிடும். வரம்பைத் தாண்டினால் மைலுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

இரண்டு மூன்று நாள் வேலைக்கு, அதுவும் நள்ளிரவில் வந்து இறங்குபவருக்கு, நான் நிறுவனத்தைத்தான் சொல்வேன். விமானம் தாமதமானாலும், கார் மக்கர் செய்தாலும் அவர்களிடம் மாற்றுக் கார் இருக்கும். தனியாளிடம் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே கார்தான். ஒரு வாரத்துக்கு மேல் தங்கல், ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும், தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கார் கிடைக்கிறது என்றால் தனியார் கார் கட்டுப்படியாகும்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? சர்வதேச உரிமம் கட்டாயமா?

18 வயது தாண்டிய வெளிநாட்டுப் பயணி, சொந்த நாட்டு உரிமம் காலாவதியாகாமல் இருக்கும்வரை, கலிபோர்னியாவில் அதை வைத்தே ஓட்டலாம். சர்வதேச உரிமத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒன்று எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஓராண்டு செல்லும், போலீஸ்காரர் நிறுத்தினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: பெயர். உரிமத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரெடிட் கார்டில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக. செயலி உரிமத்தையும் முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டுத்தான் அனுமதிக்கும். அதனால் கணக்கைத் தொடங்கும்போதே பெயரை உரிமத்தில் உள்ளபடி எழுதி, கிளம்புவதற்குச் சில வாரம் முன்னாலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஓட்டப்போகும் இரண்டாவது ஆளையும் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். சேர்க்காத மைத்துனர் ஓட்டி இடித்தால் பாதுகாப்புத் திட்டம் கைவிரித்துவிடும்.

கேள்வி: என் கிரெடிட் கார்டில் வாடகைக் காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. செயலியின் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?

வேண்டாம், இந்த யோசனையே வேண்டாம். கார்டுகள் தரும் காப்பீடு பெரும்பாலும் வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியாரிடம் செயலி வழியாக எடுக்கும் காரை விதிமுறையிலேயே விலக்கிவைத்த கார்டுகள் நிறைய. வங்கியைக் கூப்பிட்டு "வாடகைக் காருக்கு உண்டா?" என்று கேட்டால் உண்டு என்பார்கள். "தனிநபருக்குச் சொந்தமான காரைச் செயலியில் எடுத்தால் உண்டா?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கே இருக்கும் அண்ணனுடைய கார் பாலிசி நம்மையும் காக்கும் என்று நம்பி வருபவர்களுக்கும் இதுவேதான்.

திட்டத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எடுத்த காருக்குச் சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. மலிவான திட்டத்தில் அது சில ஆயிரம் டாலர் வரை இருக்கும். விலை கூடக்கூடக் குறையும். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் அடுத்தவரை இடித்தால் யார் கொடுப்பது? கலிபோர்னியா சட்டம் கார்களுக்குக் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு 2025 ஜனவரி 1 முதல் இப்படி: ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லாருடைய காயத்துக்கும் சேர்த்து 60,000, அடுத்தவர் பொருள் சேதத்துக்கு 15,000. உங்கள் திட்டத்தில் 'மாநிலக் குறைந்தபட்சம்' என்று மட்டும் இருந்தால், அதன் பொருள் இவ்வளவுதான். அங்கே சாலையில் ஓடும் புதுக் கார்களின் விலைக்கு 15,000 எந்த மூலைக்கு? முதல்முறை வலப்பக்கமாக ஓட்டுகிறவர் நடுத் திட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: கீறல் நாம் போட்டது இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

படம்தான். நிறுவனத்தில் என்றால் ஓர் ஊழியர் சுற்றிவந்து குறித்துக் கொடுப்பார். இங்கே அந்த வேலை உங்களுடையது, காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும்.

காரைச் சுற்றி நான்கு படம் எடுத்துவிட்டுக் கிளம்புவது போதாது. தகராறு வருவது பெரும்பாலும் நான்கு சக்கரத்தின் ரிம் (நடைபாதை விளிம்பில் உரசியிருக்கும்), முன் பம்பரின் அடிவிளிம்பு, கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, உள்ளே சீட்டில் கறை. பம்பருக்குக் குனிந்து, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்ந்து எடுங்கள். நேருக்கு நேர் எடுத்தால் உங்கள் நிழல்தான் விழும். வண்டியை ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் முள்ளும் ஓடிய மைலும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று. நம்பர் பிளேட் தெரிய ஒன்று. எல்லாவற்றையும் செயலியிலேயே ஏற்றுங்கள். போனில் மட்டும் இருக்கும் படம் எப்போது எடுத்தது என்று கேள்வி வரும்.

விமான நிலையப் பக்கத்து வாகன நிறுத்தத்தில் பூட்டுப்பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டுப் போகும் கார்க்காரர்கள் உண்டு. அந்த அடுக்குக் கட்டடத்தில் வெளிச்சமும் இருக்காது, சிக்னலும் இருக்காது. கார் எந்தத் தளம், பெட்டியின் எண் என்ன என்பதை உள்ளே போகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். டார்ச் போட்டு ஒரு வீடியோ எடுங்கள், வெளியே வந்து வெளிச்சத்தில் நிறுத்தி இன்னொருமுறை சுற்றுங்கள். கார் தூசி படிந்திருந்தால் "அழுக்காக இருக்கிறது, கீறல் தெரியவில்லை" என்று செயலியில் செய்தி போட்டுவிட்டுக் கிளம்புங்கள். டியூரோவில் சேதத்தைப் பயணம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் கார்க்காரர் புகார் செய்ய வேண்டும். நீங்கள் திரும்ப விடும்போது எடுத்த படம் அப்போதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: கார்க்காரர் "புக்கிங்கை ரத்து செய்துவிடுங்கள், நேரில் பணம் தந்தால் குறைத்துத் தருகிறேன்" என்கிறார்.

கூடாது. காப்பீடு போச்சு, புகார் சொல்ல ஆளும் போச்சு. வேறு கார் பாருங்கள்.

கேள்வி: டோல், பார்க்கிங் அபராதமெல்லாம் யார் தலையில்?

கடைசியில் உங்கள் தலையில். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், பில் கார்க்காரருக்குப் போகும், அவர் உங்களிடம் வசூலிப்பார். செயலாக்கக் கட்டணமும் சேரலாம். ஆரஞ்ச் கவுன்டிப் பக்கம் 73, 133, 241, 261 சாலைகளில் காசு வாங்கும் சாவடியே கிடையாது. போனால் ஐந்து நாளுக்குள் அவர்களுடைய இணையதளத்தில் பிளேட் எண்ணைக் கொடுத்து நீங்களே கட்டிவிடலாம். 10, 110 நெடுஞ்சாலைகளின் எக்ஸ்பிரஸ் தடத்துக்கு, டோலைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்ட்ராக் கருவி வேண்டும். காரில் இருக்கிறதா, கணக்கு யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தடத்தில் ஏறாதீர்கள்.

பார்க்கிங்தான் பெரிய தொல்லை. ஒரே கம்பத்தில் நான்கு பலகை தொங்கும்: இரண்டு மணி நேரம் மட்டும், செவ்வாய் காலை தெரு கூட்டும் நேரம், மாலையில் நிறுத்தினால் வண்டியை இழுத்துப் போவோம், அனுமதிச் சீட்டு உள்ளவர் மட்டும். நான்கும் சேர்ந்துதான் விதி, அம்புக்குறி காட்டும் பக்கத்துக்கு. நடைபாதை விளிம்பில் சிவப்பு அடித்திருந்தால் நிற்கவே கூடாது. மஞ்சள் சரக்கு இறக்க, வெள்ளை ஆள் ஏற்றி இறக்க, பச்சை சிறிது நேரம், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. தீயணைப்புக் குழாய்க்கு 15 அடி தள்ளி நிறுத்த வேண்டும். 2025 முதல் பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முந்தைய 20 அடியிலும் நிறுத்தினால் அபராதம், அங்கே சிவப்பு அடித்திருக்காவிட்டாலும்.

கேள்வி: நான்கு வயதுப் பெண் குழந்தை. கார்க்காரரே சீட் தருவதாகச் சொல்கிறார்.

எட்டு வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலத்துக்கும் குறைவு என்றால் பின்னிருக்கையில் குழந்தை சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். அவர் தருவது எத்தனை பழையது, விபத்தில் அடிபட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. சீட்டின் அடியில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், கேட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தை சீட்டுக்குத் தனிக் காசு வாங்குவதில்லை. நான் என்றால் வீட்டிலிருந்தே கொண்டுபோவேன்.

கேள்வி: பத்து நாளுக்கும் கார் வேண்டுமா?

வேண்டாம். 2025 ஜூனில் விமான நிலையத்துக்கு அருகே மெட்ரோ நிலையம் திறந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து டவுன்டவுனில் உள்ள யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்கு ஃபிளைஅவே பேருந்தும் ஓடுகிறது. டவுன்டவுன், ஹாலிவுட், சான்டா மோனிகா மூன்றுக்கும் ரயில் உண்டு. வந்த இரண்டு நாள் தூக்கக் கலக்கம் தீரும்வரை அதில் சுற்றிவிட்டு, மாலிபு, அனஹைம், மலைப் பக்கம் போகும் நாட்களுக்கு மட்டும் கார் எடுங்கள். ஹோட்டலில் இரவு பார்க்கிங் கட்டணமும் அத்தனை நாளைக்கு மிச்சம். டியூரோவில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், தேதியை மாற்றவும் வழி இருக்கிறது. கூடுதலாக ஒரு நாள் வேண்டுமென்றால் கார்க்காரருக்குப் போன் செய்து சம்மதம் வாங்கினால் மட்டும் போதாது; பயணம் முடியும் நேரத்துக்கு முன்னாலேயே செயலியில் நீட்டித்துவிடுங்கள்.