அப்பாவின் அட்டைப்பெட்டியும் மகளின் புது போனும்

கடிதம்:

வணக்கம். என் அப்பா எதையும் தூக்கிப்போட விடமாட்டார். ஓடாத டேபிள் ஃபேன், பழைய சார்ஜர்கள், பாடாத ரேடியோ எல்லாம் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. என் மகளோ போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றதும் புதுசு கேட்கிறாள். அவர் அவளை ஊதாரி என்கிறார், அவள் அவரைக் கஞ்சன் என்கிறாள். நடுவில் நான் யார் பக்கம் பேசுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஊதாரி, கஞ்சன் என்ற இரண்டு பேச்சையும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இருவரும் தாங்கள் பழகிய பொருளை வைத்துத்தான் பேசுகிறார்கள். அப்பா காலத்து ஃபேனில் கண்டென்சர் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும், ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மகளின் போனில் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். லித்தியம் அயன் பாட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் வலுவிழப்பது இயல்பு. அதற்காகத் திரையும் கேமராவும் நன்றாக இருக்கிற போனையே மாற்ற வைப்பது அநியாயம்.

இது இன்று தொடங்கியதும் இல்லை. பெரிய பல்ப் கம்பெனிகள் 1924இல் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாகக் குறைத்தன, அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதமும் போட்டன. நெடுநாள் எரியும் பல்புக்கு வெளிச்சம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அபராதத்தை அதைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

அதனால் மகளைத் திட்டாதீர்கள், பாட்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பெரும்பாலான போன்களில் விவரம் தெரிந்தவர் மாற்றிவிடுவார்.

அப்பாவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். ஓடாததைப் பெட்டியில் போட்டு வைப்பது சேமிப்பு ஆகாது. ஒன்று பழுதுபார்க்க வேண்டும், இல்லையென்றால் மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால்வாசிகூட இல்லை. அந்தச் சார்ஜர்களுக்குள் இருக்கும் செம்பு இப்போது யாருக்கும் உதவவில்லை. அப்புறம், பெட்டிக்குள் வீங்கிய பாட்டரி இருந்தால் உடனே வெளியே எடுங்கள், தீப்பிடிக்கும்.

சண்டை தூக்கிப்போடும்போது வருவதைவிட வாங்கும்போது வருவது நல்லது. அடுத்த முறை கடைக்கு இருவரையும் கூட்டிப் போங்கள். இதைத் திறக்க முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா என்று அப்பா கேட்கட்டும். அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று கேட்க மகளுக்குத் தெரியும்.