படத்தைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். எங்கள் தளத்தில் எல்லாச் சேலைக்கும் படம் இருந்தும் கூகுள் இமேஜஸில் ஒன்றுகூட வரவில்லை. படத்தை எழுத்தில் விவரிப்பதற்கான ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் 'சுங்குடி, சேலை, காட்டன், மலிவு விலை' என்று வார்த்தைகளை நிரப்பினால் மேலே வரும் என்கிறார்கள். செய்யலாமா, ஐயா?
- வாசகி, சின்னாளபட்டி

பதில்: வேண்டாம் அம்மா. அப்படி நிரப்பினால் உங்கள் தளத்தை ஸ்பேம், அதாவது ஏமாற்றுத் தளம், என்று கருத நேரலாம் என கூகுளே எச்சரித்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். படங்கள் அழகாக, தெளிவாக இருக்கின்றன. ஆனால் சேலையின் பெயர், விலை, நிறம் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே ஒரு வரிகூட இல்லை. குறை அங்கேதான். படத்தில் இருப்பதைக் கணினியே ஓரளவு அடையாளம் காணும் என்றாலும், அதன் அருகில் உள்ள எழுத்து, பக்கத்தின் தலைப்பு, ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாவற்றையும் சேர்த்தே கூகுள் முடிவெடுக்கிறது. படம் மட்டுமல்ல, அது இருக்கும் பக்கமும் தரமாக, நம்பகமாக இருக்க வேண்டும். படம் பக்கத்தின் மேற்பகுதியில் முக்கியமாக இடம்பெற வேண்டும் என்று 2018இலேயே அறிவித்துவிட்டார்கள்.

எனவே ஒவ்வொரு சேலைக்கும் தனிப் பக்கம் வையுங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, மெழுகு அச்சா, முதல் சலவையில் சாயம் போகுமா என்றெல்லாம் கடைக்கு வருகிறவரிடம் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதை உங்களைவிட நன்றாக யார் எழுத முடியும்?

ஆல்ட் டெக்ஸ்டில் 'அரக்கு பார்டர், வெள்ளைப் புள்ளிகளுடன் கருநீலச் சுங்குடிச் சேலை' என்பது போதும். பார்வையற்றவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டுவது இந்த வரியைத்தான். அவர்களும் சேலை வாங்குகிறவர்கள்தானே! அவர்களை மனதில் வைத்து எழுதினாலே சரியாக அமைந்துவிடும்.

முகப்பில் உள்ள பெரிய படங்களை, தளத்தை அமைத்தவர்கள் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறிமுறை) மூலம் பின்னணியாக வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்த படங்களை கூகுள் சேர்த்துக்கொள்வதில்லை. சாதாரணப் படமாக மாற்றும்படி அவர்களிடம் சொல்லுங்கள். கோப்புப் பெயர் மிகச் சிறிய குறிப்புதான். அதற்காகப் பழைய படங்களின் பெயரை மாற்ற வேண்டாம். புதியவற்றுக்கு மட்டும் 'ஐஎம்ஜி_0045' என்று விடாமல் பொருத்தமான பெயர் வையுங்கள்.

கேள்வி: என் டியூஷன் மையத் தளத்தில் உள்ள பிள்ளைகளின் படங்கள் தேடலில் வராமல் தடுக்க முடியுமா?
- வாசகர், கரூர்

பதில்: முடியும். தேடுபொறிகள் தளத்தில் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில், கூகுளுக்காகப் படங்களைத் திரட்டும் 'கூகுள்பாட்-இமேஜ்' என்ற நிரலுக்குத் தடை போடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவற்றை தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உள்ள நீக்கல் வசதி மூலம் விரைவாக மறைக்கலாம். ஆனால் முகவரி தெரிந்தவர் அப்போதும் படத்தைப் பார்க்க முடியும். பிள்ளைகள் படம் என்பதால், பெற்றோருக்கு மட்டும் கடவுச்சொல் கொடுத்துத் திறக்கும் பக்கத்துக்கு இன்றே மாற்றிவிடுங்கள்.