பழைய ஹாம் ரேடியோ: பேசிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எனக்கு வியூ3 (VU3) என்று தொடங்கும் கால்சைன் (ஹாம், அதாவது பொழுதுபோக்கு வயர்லெஸ் உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) வந்து ஆறு மாதம் ஆகிறது. காரில் வைத்துப் பேச ஒரு மொபைல் ரிக் (வண்டியில் வைக்கும் வயர்லெஸ் செட்) தேடுகிறேன். திருச்சியில் மூத்த ஹாம் ஒருவர் யாயெசு எஃப்டி-857டி ஒன்றை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். ஆன் செய்ததும் நன்றாகக் கேட்டது. திரையில் மட்டும் சில கோடுகள் விழுகின்றன. வாங்கலாமா?

பதில்: காதில் கேட்டது சரி, பேசிப் பார்த்தீர்களா? பழைய ரிக்கில் காது (அலையை வாங்கும் பகுதி) பெரும்பாலும் கடைசி வரை நன்றாகத்தான் இருக்கும், வாய்தான் (ஒலிபரப்பும் பகுதி) முதலில் போகும். ஒலிபரப்பின் கடைசிக் கட்டத்தில் உள்ள டிரான்சிஸ்டர்களை நாம் ‘ஃபைனல்’ என்கிறோம். சூடும் மின்சாரமும் அதிகம் தாங்குவது அவைதான். ஆன்டெனா சரியாக இல்லாமல் யாராவது பல நாள் பேசியிருந்தால் முதலில் அடிவாங்குவதும் அவைதான்.

நான் வாங்கிய முதல் பழைய 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) செட் அப்படிப்பட்டது. விற்றவர் வீட்டில் பத்து நொடி பேசிப் பார்த்தேன், மீட்டர் 45 வாட் காட்டியது. மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அரை நிமிடம் தொடர்ந்து பேசியதும் 8 வாட்டுக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் ஆற்றலை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) இல்லாமல் எந்த ரிக்கையும் பார்க்கப் போவதில்லை.

நீங்களும் 50 ஓம் டம்மி லோடு, ஆற்றலும் எஸ்.டபிள்யூ.ஆரும் (ஆன்டெனா பக்கமிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான அளவு) காட்டும் மீட்டர், ஒரு மோர்ஸ் கீ மூன்றையும் கொண்டு போங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் பக்கத்து ஊர் ஹாம் யாரிடமாவது கேளுங்கள், தருவார்கள். டம்மி லோடு 100 வாட் தாங்குவதாக இருக்க வேண்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை வைத்து வீட்டில் செய்ததை நம்ப வேண்டாம். அதன் சுருளே தடையைக் கூட்டும், அலைவரிசை ஏற ஏற அளவீடு பொய்யாகிவிடும்.

எஃப்டி-857டி-க்குப் பின்னால் இரண்டு ஆன்டெனா சாக்கெட்டுகள் உண்டு. ஒன்று எச்எஃப்-க்கும் (30 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைகள்) 50 மெகாஹெர்ட்ஸுக்கும், மற்றது 144-க்கும் 430-க்கும். இரண்டிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் நன்றாக இருப்பது 144-இல் ஊமையாக இருக்கலாம். கம்பெனி சொல்லும் அளவு எச்எஃப்-இல் 100 வாட், 144-இல் 50, 430-இல் 20. எஸ்எஸ்பி-யில் (எச்எஃப்-இல் வழக்கமாகப் பேசும் முறை) பேசினால் முள் பேச்சோடு சேர்ந்து ஆடும், அதிலிருந்து எதுவும் தெரியாது. எச்எஃப்-இல் சிடபிள்யூ-வுக்கு (மோர்ஸ் முறைக்கு) மாற்றிக் கீயை அழுத்துங்கள், 144, 430 பேண்டுகளில் (அலைவரிசைப் பட்டைகளில்) எஃப்எம் போதும். முதலில் குறைந்த ஆற்றலில் தொடங்கி, அப்புறம் முழுதாக ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள். சூட்டில் சில வாட் குறைவது இயல்பு. பாதியாக விழுந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

அந்த நேரம் பவர் சப்ளையின் ஆம்பியர் முள்ளையும் பாருங்கள். முழு ஆற்றலில் இந்த ரிக் 22 ஆம்பியர் வரை இழுக்கும். மின்சாரம் நிறைய இழுத்து வெளியே வாட் வரவில்லை என்றால் ஃபைனல் களைத்துவிட்டது என்று பொருள். சப்ளை 13.8 வோல்ட் விடாமல் தருகிறதா என்பதும் முக்கியம். சில நேரம் குற்றம் ரிக்கில் இருக்காது, மெலிந்த வயரில் இருக்கும். மின் கேபிளின் இரண்டு ஃபியூஸ்களையும் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இருந்தால் அந்த ரிக்கின் கடந்த காலம் தெரிந்துவிடும்.

காது எல்லாப் பேண்டிலும் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸில் கூட்டம் அலைமோதும். விற்பவர் வீட்டில் இன்னொரு ரிக் இருந்தால் ஒரே ஆன்டெனாவை மாற்றி மாற்றிச் செருகி ஒப்பிடுங்கள். இது தனியாகக் கேட்டு மதிப்பிடுவதைவிட நம்பகமானது.

திரையில் விழும் கோடுகள் இந்த மாடலுக்குத் தெரிந்த நோய். பேச்சு கெடாது, ஆனால் நாளடைவில் எண்கள் படிக்க முடியாமல் போகலாம், மாற்றுத் திரை தேடுவதும் எளிதல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம். முகப்பைப் பிரித்து டாஷ்போர்டில் வைக்கும் கேபிள் கூட வருகிறதா, மைக் அதற்கே உரியதா என்பதையும் கேளுங்கள். இந்தச் சில்லறைச் சாமான்களைத் தனியாக வாங்கும்போதுதான் செலவு கையைக் கடிக்கும்.

“எல்லா அலைவரிசையும் திறந்துவிட்டது” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதை மதிப்புக் கூட்டாகக் கருதாதீர்கள். நமக்கு உரிமம் உள்ள பேண்டுக்கு வெளியே ஒலிபரப்பக் கூடாது. அத்தோடு உள்ளே யாரோ சால்டரிங் அயர்ன் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. மூடியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், 22 ஆம்பியரை அது தாங்காது. பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸோடு இழுங்கள். உங்கள் உரிமத்தில் உள்ள வாட் வரம்பைப் பார்த்து மெனுவில் பேண்ட் வாரியாக ஆற்றலைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஏலத்தில் வந்த பழைய வணிக வயர்லெஸ் செட் மலிவாகக் கிடைக்கிறது. 2 மீட்டருக்கு ஆகுமா?

பதில்: சில ஆகும். அவற்றில் பல, முரட்டு உடம்போடு வெயிலிலும் உழைக்கக் கட்டப்பட்டவை. ஆனால் பின்பக்கத் தகட்டில் எழுதியுள்ள அலைவரிசை வரம்பைப் பாருங்கள். நம் பேண்ட் 144 முதல் 146. செட்டின் வரம்பு 146-இல்தான் தொடங்குகிறது என்றால் விட்டுவிடுங்கள். பல செட்டுகளில் அலைவரிசையைக் கையால் மாற்ற முடியாது, புரோகிராமிங் கேபிளும் அதற்கான மென்பொருளும் வேண்டும். அவை உங்கள் கைக்கு எட்டும் என்று உறுதியான பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: தேர்வு எழுதிவிட்டேன், உரிமம் இன்னும் வரவில்லை. நல்ல விலைக்கு ஒரு ரிக் வருகிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒலிபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், பேசாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் அதேதான். உங்கள் உரிமம் வரும் வரை ரிக்கைத் தன்னிடமே வைத்திருக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் சிறு முன்பணம் கொடுத்து, ரிக்கின் சீரியல் எண், இருவரின் பெயர், பேசிய விலை எல்லாம் உள்ள ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய கால்சைனும் அதில் இருக்கட்டும். இந்தக் காத்திருப்பில் பவர் சப்ளை, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், நல்ல கோஆக்சியல் கேபிள், ஆன்டெனா இவற்றைச் சேர்க்கலாம். இவை எதற்கும் உரிமம் வேண்டாம், ரிக் வந்த அன்றே எல்லாம் தேவைப்படும்.