வாசகர் கேள்வி – பதில்: அம்மாயியின் தேநீரில் எவ்வளவு மந்திரம்?

கேள்வி: அக்கா, இலங்கையின் மலையகத்தில், பண்டாரவளையில் சிறு தேநீர்க்கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றி நாவல் எழுதி வருகிறேன். அம்மாயி ஊற்றித் தரும் தேநீரைக் குடித்தவர்கள் தங்கள் துயரத்தை மறந்துவிடுவார்கள். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பிய தாயோடு பேத்தி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இறுதியில் அந்தத் தேநீர்தான் இருவரையும் சேர்த்துவைக்கிறது. இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். மந்திரத்தை நீக்கிவிடட்டுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அன்புத் தங்கைக்கு, நீக்க வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தில் ரோதைமுனி என்ற காவல் தெய்வம் குடியிருப்பதாக நம்பிப் பூசை வைத்தவர்கள் நம்மவர்கள். மாசி மாதக் காமன் கூத்தில், எரிந்துபோன கணவனுக்காக ரதி அழும்போது, அவளோடு சேர்ந்து கண்கலங்கி நிற்கும் பெண்களை இன்றும் தோட்டங்களில் காணலாம். அப்படிப்பட்ட பெண்களின் கதைக்குள் ஓர் அதிசயம் நுழைவது இயல்பானதே. வாசகரை நம்பும்படி வற்புறுத்தும் எழுத்துதான் மூடநம்பிக்கையை வளர்க்கும். உங்கள் கதை அப்படி எதையும் கேட்கவில்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. குடித்தவர் எல்லோருக்கும் துயரம் மறந்துவிடுமானால், மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு உங்கள் கதைக்கு வேலையே இருக்காது. தாய் ஊரில் இல்லாத ஆண்டுகளில், பூப்பெய்திய நாளிலும் பரீட்சை முடிவு வந்த நாளிலும் அந்தப் பிள்ளை யாரைத் தேடியிருப்பாள் என்பதுதான் நாவலின் உயிர். அதை ஒரு கோப்பை தேநீரால் கழுவிவிடாதீர்கள். தேநீர் மறக்கச் செய்வதை விட்டு, குடிப்பவர் இதுவரை மறைத்துவைத்திருந்த ஒரே ஒரு வாக்கியத்தை வாய்தவறிச் சொல்லவைக்கட்டும். அதற்குப் பிறகு மன்னிப்பதும் மன்னிக்காமல் இருப்பதும் அந்த இருவரின் பொறுப்பு.

அதிசயத்துக்கு ஓர் எல்லையும் தேவை. அதை வெளியே தேட வேண்டாம், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து, வேறெந்தக் காலத்திலும் இல்லாத வாசனையைப் பெறுகிறது. அந்தத் தேயிலைக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அம்மாயியின் கைப்பக்குவம் அந்தப் பருவத்துத் தூளில் மட்டுமே பலிக்கட்டும். தோட்டத்தில் வேலை செய்யும் உறவுக்காரி தன் பங்குக்குக் கிடைத்த தூளில் ஒரு பிடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவதையும், அம்மாயி அந்த முடிச்சை அவிழ்த்தவுடன் முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தகரப் பேணியை எடுப்பதையும் நிதானமாக எழுதுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அவளுடைய நாக்கிலிருந்து ஒரு சுவை போய்விடட்டும்: முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு. உள்ளங்கையில் சீனி வைத்துப் பாலில்லாத சாயத்தண்ணீர் குடித்துப் பழகிய கிழவி ஒருநாள் சீனியைத் தொடாமல் எழுந்து போவதைக் கண்டு பேத்தி திடுக்கிடுவாள். அந்த இடத்தில் விளக்கம் எதையும் எழுதாதீர்கள்.

கடைக்கு வருபவர்கள் யாரும் வியந்து வாய்பிளக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனி விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பரம்பரையாக வாழ்ந்தும் லயத்து வீட்டுக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உறுதிப்பத்திரம் இல்லாத நிலை, நாட்கூலி, வெளிநாட்டில் வராமல் போன சம்பளம் ஆகிய எதையும் அந்தத் தேநீர் தீர்த்துவைக்கக் கூடாது. அவை மனிதர் செய்த அநீதிகள். கதையில் மந்திரத்தால் அவற்றைத் துடைத்துவிட்டால், அவற்றுக்குப் பொறுப்பானவர்களையும் சேர்த்து விடுவித்தவர்களாகிவிடுவோம்.

கேள்வி: ஊரின் பெயரை மாற்ற வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். பண்டாரவளை என்றே எழுதுங்கள். கடைக்கும் குடும்பத்துக்கும் மட்டும் கற்பனைப் பெயர் போதும். புகையிரத நிலையமும் சந்தையும் வாசகருக்குத் தெரிந்த இடங்களாக இருந்தால்தான், இல்லாத அந்தக் கடையை அவர்கள் எளிதில் நம்புவார்கள்.