பச்சை பிடித்த காளான் பைகள்: பிழை யாருடையது?

கேள்வி: லிந்துலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு செட் அடித்து, 50 சிப்பிக் காளான் பைகள் வாங்கி வைத்தேன். பைகளின் வாயைத் திறக்கவே இல்லை. பத்து நாளில் 18 பைகள் பச்சையாகிவிட்டன. விற்றவர் "உங்கள் இடம் சுத்தமில்லை" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், தங்கச்சி. ஆனால் முதலில் 18 பைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

காளான் ஓர் அழுகல்வளரி. செடி மாதிரி வெயிலில் உணவு சமைக்க அதனால் முடியாது. பையிலுள்ள மரத்தூளுக்குள் வெள்ளை நூலாக ஓடி, நொதியத்தைக் கசியவிட்டு, செத்த மரத்தைக் கரைத்து உறிஞ்சித்தான் வளரும். பையில் பிடித்த அந்தப் பச்சைப் பூஞ்சணத்துக்கும் அதே மரத்தூள்தான் சாப்பாடு. காளான் நூலையும் அது விட்டுவைக்காது. அந்தப் பூஞ்சணத்தை அழிக்கத்தான் காளான் விதை போடுமுன் பையை ஆவியில் அவிக்கிறார்கள். அவியல் போதாவிட்டால் பூஞ்சணம் உள்ளேயே உயிரோடு இருக்கும்.

பஞ்சு அடைத்த வாயைச் சுற்றி மட்டும் பச்சை என்றால், பஞ்சு எங்கோ நனைந்திருக்கலாம். அது வரும் வழியிலா, உங்கள் செட்டிலா என்று சொல்வது கஷ்டம். நடுவிலோ அடியிலோ திட்டாகத் தெரிந்து, பையில் ஊசித் துவாரமோ எலி கடித்த தடமோ இல்லையென்றால், அது பெரும்பாலும் பையோடு வந்த கோளாறு. அந்தப் பைகளைத் தனியாகப் படமெடுத்து, பில்லோடு கொண்டுபோய் விற்றவரிடம் பேசுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பில் கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை, அதையும் மறக்காதீர்கள்.

அடுத்த முறை, வெள்ளை நூல் பாதிவரை மட்டும் ஓடி பாதி வெளுத்த பையை மலிவு என்று வாங்கவே வேண்டாம். நம்ம பக்கத்துக் குளிருக்கு நூல் மெதுவாகத்தான் ஓடும். வெளுக்காத இடமெல்லாம் பூஞ்சணத்துக்குத் திறந்த வாசல். இரண்டு காசு கூடினாலும் அடிவரை வெளுத்த பையையே எடுங்கள். அமுக்கினால் கட்டியாக இருக்கட்டும். பஞ்சருகே மோந்தால் காளான் வாசம் வர வேண்டும். புளித்த வாடை அடித்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். விதை போட்ட திகதியையும் கேளுங்கள்.

பச்சையான பைகளை செட்டுக்குள் பிரிக்காதீர்கள், அந்தப் பச்சைத் தூள் பறந்து மற்ற 32 பைகளிலும் இறங்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். விற்றவர் வந்து பார்க்கும்வரை தூரத்தில் மூடி வைத்து, பிறகு புதைத்துவிடலாம்.