வலி குறைந்த நாளில் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 43. செந்தூலில் பிளாட் வீடு, நான்காவது மாடி. கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்க வலி. எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். கடைசியில் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். உள்ளே இருந்த தாளைப் படித்தால் மனச்சோர்வுக்கான மாத்திரை என்று போட்டிருந்தது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை வலி குறைவாக இருந்ததால் திரைச்சீலை துவைத்து, வீடு துடைத்து, இரண்டு கிலோ மாவுக்கு முறுக்கும் சுட்டேன். அடுத்த மூன்று நாள் படுக்கைதான், ஒரு எம்.சி. (மருத்துவ விடுப்பு) வேறு. ‘சனிக்கிழமை நன்றாகத்தானே இருந்தாய்’ என்கிறார்கள் வீட்டில். தினசரி வாழ்க்கையை எப்படி ஓட்டுவது? தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன், எடுக்க முடியுமா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: பால்குடம் எடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு இப்போதே தொடங்க வேண்டும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசாமல் பால்குடத்தைப் பற்றிப் பேச முடியாது.

நான் பிசியோதெரபிஸ்ட். என் அறைக்கு வருகிறவர்கள் வலி தாங்காத நாளைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்பது வலி குறைந்த நாளைப் பற்றி. ‘இன்றைக்குத்தான் உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது, விட்டால் கிடைக்காது’ என்று ஒரு வார வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்வது. அப்புறம் மூன்று நாள் படுக்கை. படுத்துக் கிடந்ததில் தசை இன்னும் தளர்ந்துவிடும். அடுத்த நல்ல நாளில் அதைவிடக் குறைந்த வேலைக்கே உடம்பு மடங்கிவிடும். இப்படியே ஒரு வருடம் போனால், நான்கு மாடி ஏறியவருக்கு இரண்டாவது மாடியே மலையாகிவிடுகிறது.

சரி, ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி எங்கிருந்து வருகிறது? திருவிழாவில் மைக் செட்காரர் வால்யூமை முழுக்கத் திருகி வைத்துவிட்டால், நாதஸ்வரக்காரர் மெல்ல ஊதினாலும் காது அடைக்கும். நாதஸ்வரத்தைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு கோளாறும் இருக்காது. உங்கள் தசையும் மூட்டும் நாதஸ்வரம். எக்ஸ்ரே அதைத்தான் படம் பிடிக்கிறது. கோளாறு தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கும் இடத்தில் இருக்கிறது. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டைவிரல் நகத்தை அளந்து அழுத்தியபடியே மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு வந்த அதே அளவு வலியை மற்றவர்களுக்கு உண்டாக்க, ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. அந்த வலி மூளைப் படத்திலும் தெரிந்தது. ‘நடிக்கிறாள்’ என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் இந்தப் பத்தியை அவர்களிடம் கொடுங்கள்.

ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. 1990-இல் வந்த அளவுகோலின்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010-க்குப் பிறகு அது மாறிவிட்டது. வலி எத்தனை பகுதிகளில் பரவியிருக்கிறது, தூக்கம், சோர்வு, மறதி எப்படி, மூன்று மாதமாவது நீடித்ததா என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ரத்தம் எடுப்பது வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி, சர்க்கரை எல்லாம் பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம், பாத எரிச்சலை ஃபைப்ரோமயால்ஜியா கணக்கில் எழுதிவிடக் கூடாது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர் என்றால் தசை வலிக்கு அதுவும் காரணமாகலாம். மூட்டு வீங்குவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது இதெல்லாம் இந்த நோயின் குணம் இல்லை. வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சின் இரண்டு பிடியையும் இறுகப் பற்றி, தோளைத் தூக்கி, முழு பலத்தோடு அழுத்துகிறீர்கள். அடுப்பு முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு ஓடியாடும் வேலையைவிட, தசையை இறுக்கி ஒரே நிலையில் பிடித்திருக்கும் வேலைதான் எமன். இரண்டு கிலோ மாவு என்றால் அதை எத்தனை முறை செய்திருப்பீர்கள்! அடுத்த தீபாவளிக்கு மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, மேசை முன் உட்கார்ந்து பிழியுங்கள். அதைவிட நல்லது, பிழிகிற வேலையை மகனிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்வது. ஒரே நாளில் இரண்டு கிலோ வேண்டாம், அரைக் கிலோவாக நான்கு நாள்.

எவ்வளவு செய்யலாம் என்பதை வலியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தைக் கேளுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், உங்களுக்குக் கணக்கு கைவந்த கலைதானே. சமையலறையில் நின்று வேலை செய்யும்போது வலி ஏறத் தொடங்கும் நேரத்தை மூன்று வெவ்வேறு நாளில் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம், 12 நிமிடம், 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 14. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 11. இனி கைபேசியில் 11 நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் உட்கார வேண்டும். வெங்காயம் பாதி நறுக்கிய நிலையில் இருந்தாலும் சரி, வலியே இல்லை என்றாலும் சரி. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து தொடருங்கள். வலி வந்தபின் ஓய்வெடுப்பது எல்லோரும் செய்வது. வருவதற்கு முன்பே உட்காருவதில்தான் பலன் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் பத்து நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ‘வலியே இல்லாதபோது உட்காரச் சொல்கிறீர்களே’ என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

உடற்பயிற்சி என்றதும் முகம் சுளிப்பீர்கள். ஆனால் ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்கள் இந்த நோய்க்கான சிகிச்சைகளை எல்லாம் அலசி 2016-இல் கொடுத்த பரிந்துரைகளில், ‘கட்டாயம் செய்யலாம்’ என்ற வலுவான ஆதரவு கிடைத்தது உடற்பயிற்சிக்கு மட்டும்தான். எந்த மாத்திரைக்கும் இல்லை. ஜிம்மில் சேர வேண்டாம். தீத்திவங்சா ஏரி உங்கள் வீட்டிலிருந்து பக்கம். காலை வெயில் ஏறுமுன் ஐந்து நிமிடம் நடங்கள், அவ்வளவுதான். அங்கே சீனப் பெரியவர்கள் மெதுவாகக் கையை வீசித் தாய்ச்சி செய்வதைப் பார்த்தால், கூச்சப்படாமல் பின்வரிசையில் நின்றுகொள்ளுங்கள். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், இந்த நோய்க்கு ஏரோபிக்ஸுக்குச் சளைக்காத பலனைத் தாய்ச்சி தந்தது. மழைக்காலத்தில் ஏதாவது பேரங்காடிக்குள் நடக்கலாம். தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடும். மறுநாள் அதே நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், அதற்கும் மேல் நீடித்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை, மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரிடம் பேசித்தான். ஆனால் அந்தத் தாளில் பார்த்த வரிக்கு விளக்கம் சொல்லலாம். அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின் போன்றவை மனச்சோர்வுக்காக வந்த மாத்திரைகள்தான். தண்டுவடத்தில் வலியை அடக்கும் ரசாயனங்களையும் அவை கூட்டுகின்றன. மைக் செட் வால்யூமைக் கொஞ்சம் குறைக்கும் வேலை. அமிட்ரிப்டிலினை இதற்குப் பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிகிராம் என்ற சிறு அளவில்தான் தொடங்குவார்கள், மனச்சோர்வுக்குத் தரும் அளவு அதைப்போல் பல மடங்கு. வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். படுக்கும்போது விழுங்காமல் மாலையிலேயே எடுத்தால் கலக்கம் குறையுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டுலோக்ஸெட்டினைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரும். பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை கொடுத்தால் எடை ஏறுகிறதா, கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வலி மாத்திரைகள் இந்த நோய்க்குப் பெரிதாகக் கேட்பதில்லை, தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் ‘மூட்டுவலி மூலிகை’ காப்ஸ்யூல்களைத் தொடாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அப்படிப்பட்ட சரக்குகளைப் பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். கோடாலித் தைலம் தடவிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இதமாக இருக்கும். எலும்பு நொறுங்க அழுத்தும் ஊருட் (மலாய் மசாஜ்) மட்டும் வேண்டாம்.

தூக்கத்தில் எட்டு மணி நேரம் என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஆழ்ந்த தூக்கம்தான் பற்றாக்குறை. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வையுங்கள், ஞாயிறும் சேர்த்து. இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கும் தே தாரேக் தேநீரை நிறுத்துங்கள் (இதைச் சொன்னால்தான் என் மீது எல்லோருக்கும் கோபம் வருகிறது). குறட்டை பலமாக இருக்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

வேலை விஷயம். ஏர்கான் நேராகத் தோளில் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் முதலில் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், சால்வை ஒன்று மேசையிலேயே இருக்கட்டும். இந்த நோயில் மூளையும் மந்தமாகும். சொல் வாய்க்கு வராது, எண்கள் இடம் மாறும். கணக்குச் சரிபார்ப்பைத் தலை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி நீங்கள் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ‘உடம்பு முடியவில்லை’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. ‘ஒன்பதுக்குப் பதில் பத்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறேன், மாதத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து’ என்று திட்டவட்டமாகக் கேளுங்கள். பத்து மணி என்றால் எல்.ஆர்.டி. ரயிலில் உட்கார இடமாவது கிடைக்கும். மூட்டுநோய்ப் பிரிவுக்கோ வலி சிகிச்சைப் பிரிவுக்கோ அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். செலாயாங் மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவு உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

இனி பால்குடம். பத்துமலையில் 272 படி. உங்கள் பிளாட் மாடிப்படிகளை இன்றே எண்ணுங்கள். லிப்ட் இருந்தாலும் மாலையில் ஒரு மாடி மட்டும் கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். ஒரு வாரம் அதே ஒரு மாடி. உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தைப்பூசத்துக்குள் 272 எட்டாவிட்டாலும் பரவாயில்லை, மலையில் நின்று நின்று ஏறலாம். எனக்குப் படியைவிடக் கவலை, குடத்தைத் தலையில் பிடித்தபடி கை தூக்கி நிற்கும் நேரம்தான். முறுக்கு அச்சு மாதிரியேதான் அதுவும். சின்னச் செம்பாக எடுங்கள், ஒரு லிட்டர் பால் என்றாலே ஒரு கிலோ. வரிசையில் நிற்கும்போது கூட வருபவர் கையில் கொடுத்துவிட்டு, படியில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளுக்கு முன்பே வந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு வார நாளில் அதிகாலை கொமியூட்டர் ரயில் பிடித்தால் நெரிசல் இருக்காது. முருகனிடம் நாள் கணக்குப் பேச நான் யார், அதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். எந்த நாள் போனாலும், அதற்கு முதல் நாள் வீடு துடைப்பது, சமைத்துக் குவிப்பது கூடாது. மறுநாளைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.