18 வருட நட்பு 8 மாதத்தில் போய்விட்டதே!

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. தனியார் பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, 8 மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம். பி.எட். படித்த காலத்திலிருந்து நாங்கள் 6 பேர் தோழிகள். முதல் வாரம் எல்லோரும் இளநீரும் ஆரஞ்சும் வாங்கி வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. 'ரொம்பக் கஷ்டமா இருக்குடி, யாராவது ஹெல்ப் பண்ணுங்க' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கும்பிடு எமோஜிகள்தான் வந்தன. பக்கத்து போர்ஷன் அக்கா மட்டும் மாவு அரைக்கும்போது உப்பு போடாமல் கொஞ்சம் எடுத்துவைத்துத் தருகிறார். குரூப்பை விட்டு வெளியேறி, இவர்களைத் தலைமுழுகிவிடலாமா?

- ஒரு வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

வாரத்தில் 12 மணி நேரம் கட்டிலோரம் காத்திருந்து, வீடு, பள்ளி, பிள்ளை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் தலைமுழுகும் முடிவை ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். அதுவரை குரூப்பை மியூட்டில் வையுங்கள்.

'யாராவது' என்று கேட்டீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான். ஆபத்தில் உதவி கேட்கும் குரலை ஒருவர் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஓடிவருகிறார். பலர் கேட்டால், இன்னொருவர் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறார்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-லேயே பரிசோதித்துக் காட்டிய விஷயம் இது. உங்கள் குரூப்பிலும் இது நடந்திருக்கலாம்.

அதனால் ஒருவரிடம் மட்டும், தனியாக, ஒரே ஒரு வேலையை, நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். 'வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 வரைக்கும் ஆஸ்பத்திரியில இவர் பக்கத்துல உட்கார முடியுமாடி? முடியலன்னா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லு, வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்.' கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்: ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கையில், பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது, தலைசுற்றல் என்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். நோயாளிக்கு ஏதாவது தப்பாகச் செய்துவிடுவோமோ என்ற பயத்திலேயே ஒதுங்குகிறவர்கள் நிறைய.

ஐந்து பேரிடமும் இப்படி ஆளுக்கு ஓர் உதவி கேளுங்கள். பதிலைவிட, அதன் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். 'வியாழன் முடியாது, சனிக்கிழமை வரட்டுமா?' என்கிறவர் உங்களோடு இருப்பவர். 'கண்டிப்பா வர்றேன்' என்று சொல்லி, அன்றைக்குப் போனை எடுக்காதவரை ஒரு தடவை மன்னியுங்கள். இரண்டாவது தடவையும் அதுவே நடந்தால் அவரை நம்பி எந்த வேலையையும் வைக்காதீர்கள். டயாலிசிஸை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடு என்று வற்புறுத்துபவரின் அன்பு நிஜமாகவே இருக்கலாம். அந்தப் பேச்சை மட்டும் வளர விடாதீர்கள். ஓடிவருபவர் எல்லோரும் நண்பரும் இல்லை. உங்கள் வீட்டுக் கதையை அறிந்துகொண்டு வெளியே சொல்வதற்காகவே வருகிறவர்களும் உண்டு. நீங்கள் ஒருவரிடம் மட்டும் சொன்னது மூன்றாமவர் வாயிலிருந்து திரும்பி வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பணத்தை வைத்து மட்டும் யாரையும் அளக்காதீர்கள். கொடுக்க மனமில்லாதவரும் கையில் இல்லாதவரும் ஒரே மாதிரிதான் தயங்குவார்கள். கடனாகக் கேட்கத்தான் வேண்டும் என்றால் தொகையையும் திருப்பித்தரும் தேதியையும் சொல்லியே கேளுங்கள்.

ஒரே தோழியிடம் எல்லாம் கிடைக்காது. ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது, ஆனால் காப்பீட்டுப் படிவத்தை உட்கார்ந்து பூர்த்தி செய்துகொடுப்பாள். இன்னொருத்திக்கு எந்த வேலையும் ஓடாது, ஆனால் ராத்திரி 11 மணிக்கு நீங்கள் அழுதால் கேட்டுக்கொண்டிருப்பாள். யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துவிட்டால் உங்கள் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

பக்கத்து போர்ஷன் அக்காவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இளநீரிலும் ஆரஞ்சிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பொதுவாக அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தோழிகள் பாசத்தில் வாங்கினார்கள், விசாரிக்கவில்லை. அந்த அக்கா உங்கள் கணவர் எதைச் சாப்பிடக் கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறார். உப்பைக் கலக்கும் முன்பு, ஒவ்வொரு முறையும், நினைவாக ஒரு பாத்திரத்தில் தனியாக எடுத்துவைக்கிறார். 18 வருடக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவர் உங்கள் கண்ணில் படவில்லை. அவருக்கும் முடியாத நாள் வரும். அன்றைக்கு நீங்கள் போய் நில்லுங்கள்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோழிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.